உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்: டிவியை மாற்ற வேண்டுமா?

கேள்வி: எங்கள் 4கே ஸ்மார்ட் டிவி வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. போன மாதம் ஒரு சவுண்ட்பார் வாங்கி ப்ளூடூத்தில் இணைத்தேன். உதட்டசைவும் பேச்சும் ஒட்டவே இல்லை. வசனம் புரியவில்லை என்று ஒலியைக் கூட்டினால் சண்டைக் காட்சியில் வீடே அதிர்கிறது. ஓடிடி செயலி திறக்க அரை நிமிடம் ஆகிறது. புது டிவி வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்றுகூடத் திரையின் குறை இல்லை.

முதலில் அந்த ப்ளூடூத்தை விடுங்கள். ப்ளூடூத் ஒலியைச் சுருக்கி, துண்டு துண்டாக அனுப்பி, மறுமுனையில் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு, அப்புறம்தான் விரித்து ஒலிக்கிறது. சாதாரணமாகப் பயன்படும் எஸ்பிசி என்ற சுருக்கும் முறையில் இதற்கே 100 முதல் 200 மில்லிநொடி போய்விடும். சில கருவிகளில் இன்னும் கூடும். பாட்டுக் கேட்க இது பொருட்டே இல்லை. முகம் பார்த்துப் பேச்சுக் கேட்கும்போதுதான் உறுத்துகிறது.

எவ்வளவு பிசகினால் உறுத்தும் என்பதற்குக் கணக்கு உண்டு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஒலி படத்தை 45 மில்லிநொடி முந்தினாலே நாம் கண்டுபிடித்துவிடுவோம். பிந்தினால் ஏறக்குறைய 125 மில்லிநொடி வரை கவனிக்க மாட்டோம். ஏன் இந்த ஓரவஞ்சனை? மின்னலுக்குப் பின்னால்தானே இடி வருகிறது! ஒலி ஒரு மீட்டர் கடக்கச் சுமார் 3 மில்லிநொடி எடுக்கும். தூரத்தில் ஒருவர் சுத்தியலால் அடிப்பதைப் பார்த்த பிறகு சத்தம் கேட்பது நமக்குப் பழக்கம். சத்தம் முதலில் வந்து சுத்தியல் பிறகு இறங்குவதை யாரும் கண்டதில்லை.

ஆகவே, உங்கள் வீட்டில் எது முந்துகிறது என்று பாருங்கள். செய்தி வாசிப்பவர் முகத்தைக் கவனியுங்கள். 'ப', 'ம' ஒலிகளுக்கு உதடு மூடியே தீர வேண்டும். உதடு மூடித் திறந்த பிறகு 'ம' கேட்டால் ஒலி பிந்துகிறது. (டப்பிங் படத்தை வைத்துச் சோதிக்காதீர்கள். அதில் எந்தக் கருவியாலும் உதட்டை ஒட்டவைக்க முடியாது.)

இதைத் தெரிந்துகொள்வது ஏன் முக்கியம் என்றால், ஒலி முந்தினால் சவுண்ட்பாரிலோ டிவியிலோ உள்ள 'ஆடியோ டிலே' எண்ணைக் கூட்டி அதை நிறுத்திவைக்கலாம். பிந்தினால் அந்த அமைப்பு உதவாது, இன்னும் வராத ஒலியை முன்னே இழுக்க முடியாதே. அதைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு, வழியில் உள்ள தாமதங்களைத்தான் குறைக்க வேண்டும். இந்தச் சமயத்தில் டிவியை 'கேம் மோட்'டில் போடுவது எதிர்விளைவைத் தரும். அது படத்தைச் சீக்கிரம் காட்டும், ஒலி இன்னும் பின்தங்கும்.

சரி, எதில் இணைப்பது? டிவியின் பின்புறம் எச்டிஎம்ஐ துளைகளில் ஒன்றின் அருகில் 'ஆர்க்' (ARC) அல்லது 'இ-ஆர்க்' (eARC) என்று அச்சிட்டிருக்கும். டிவியின் ஒலியைச் சவுண்ட்பாருக்கு அனுப்பும் துளை இது. சவுண்ட்பாரிலும் அப்படி ஒன்று இருக்கும். இரண்டையும் ஒரு கேபிளால் இணையுங்கள். ஆர்க், 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4உடன் அறிமுகமானது. இ-ஆர்க், 2017இல் வெளியான எச்டிஎம்ஐ 2.1ஐச் சேர்ந்தது; இதில் உதட்டசைவுத் திருத்தத்தைக் கருவிகளே தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளும். மற்றத் துளைகளில் சொருகினால் டிவியின் ஒலி சவுண்ட்பாருக்கு வராது. மென்பொருள் எழுதிப் பிழைக்கும் நானே ஒருமுறை பக்கத்துத் துளையில் சொருகிவிட்டு, ஒரு மாலை முழுக்க சவுண்ட்பாரின் மென்பொருளைத் திட்டிக்கொண்டிருந்தேன். பல டிவிகளில், இணைத்த கருவிகள் ஒன்றையொன்று கட்டுப்படுத்த உதவும் 'எச்டிஎம்ஐ சிஇசி' (CEC) என்ற அமைப்பையும் இயக்கினால்தான் ஆர்க் வேலை செய்யும். இதற்கு ஒவ்வொரு நிறுவனமும் தனிப்பெயர் சூட்டியிருப்பதால் மெனுவில் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். கருவிகளில் ஆர்க் இல்லையென்றால் ஆப்டிகல் கேபிள் போதும். ப்ளூடூத்தைவிட அது எவ்வளவோ மேல்.

இனி வசனம். ஐந்து ஸ்பீக்கருக்கும் அடித்தொனிக்கான ஒரு சப்வூஃபருக்கும் பிரித்த 5.1 ஒலிக்கலவையில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்றே ஒதுக்கப்பட்ட தடத்தில் இருக்கிறது. உங்கள் சவுண்ட்பார் 2.1 வகை என்றால் அந்த நடு ஸ்பீக்கரே அதில் இல்லை. பேச்சு இடம் வலம் இரண்டிலும் கரைந்து, இசையோடும் வெடிச்சத்தத்தோடும் இடத்துக்குப் போட்டி போடும். அப்போது செயலியின் ஆடியோ பட்டியலில் 5.1க்குப் பதில் ஸ்டீரியோ இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், பல படங்களில் வித்தியாசம் தெரியும். 3.1 அல்லது 5.1 வகை என்றால் கதை வேறு. டிவியின் ஒலி வெளியீடு 'பிசிஎம்' (PCM, சுருக்காத ஒலி) என்று இருந்தால், ஆர்க், ஆப்டிகல் இரண்டிலும் இரண்டே தடம்தான் போகும், காசு கொடுத்து வாங்கிய நடு ஸ்பீக்கருக்கு உரிய பேச்சு தனியாக வந்து சேராது. அதை 'ஆட்டோ' அல்லது, வந்த ஒலியை அப்படியே அனுப்பும் 'பாஸ் த்ரூ' என்று மாற்றுங்கள். இதிலும் ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு: சுருக்கிய ஒலியை விரிக்கச் சவுண்ட்பாருக்குக் கொஞ்ச நேரம் தேவை என்பதால், பிசிஎம்தான் பொதுவாகத் தாமதம் குறைவு. இரண்டையும் வைத்துப் பார்த்துக் காதுக்கு எது ஒத்துவருகிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

சண்டைக் காட்சி அதிர்வுக்கு 'நைட் மோட்' போடுங்கள். மெல்லிய ஒலியைத் தூக்கி, பெரிய ஒலியை அடக்கும். திரையரங்கப் பிரமாண்டம் போய்விடும் என்று ஒலிப் பிரியர்கள் இதைக் கண்டாலே முகம் சுளிப்பார்கள். வீட்டில் ரிமோட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு படம் பார்ப்பதைவிட இது தேவலை என்பது என் கட்சி. சப்வூஃபர் சுவர் மூலையில் இருந்தால் வெளியே நகர்த்துங்கள். மூலையில் அடித்தொனி வீங்கிப் பேச்சை மூடிவிடும்.

செயலி மெதுவாகத் திறப்பதற்கு, டிவிக்குள் இருக்கும் குட்டிக் கணினிதான் காரணம். திரை பல ஆண்டுகள் உழைக்கும், இதற்குச் சீக்கிரமே மூச்சு வாங்கும். பயன்படுத்தாத செயலிகளை நீக்கிவிட்டு, பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்துச் சொருகுங்கள். ரிமோட்டில் அணைத்தால் பெரும்பாலும் தூங்கத்தான் போகிறது, மறுதொடக்கம் ஆவதில்லை. அப்படியும் தேறாவிட்டால் ஓடிடி செயலிகளைத் தானே இயக்கும் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கி இன்னொரு எச்டிஎம்ஐ துளையில் மாட்டுங்கள். அதற்கான மின்சாரத்தை டிவியின் யுஎஸ்பியிலிருந்து எடுக்காதீர்கள். யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லிஆம்பியர்தான் தர வேண்டும் என்பது விதி. பல ஸ்டிக்குகளுக்கு அது போதாமல் நடுப்படத்தில் அணைந்து எழும். கூடவே வரும் அடாப்டரைச் சுவரில் மாட்டுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் வசனம் மங்கலாகவே இருந்தால், நடு ஸ்பீக்கர் உள்ள சவுண்ட்பாருக்கு மாறுங்கள். திரையில் கோடு விழுந்தாலோ, பின்வெளிச்சம் திட்டுத்திட்டாக மங்கினாலோ மட்டும் புது டிவியைப் பற்றி யோசிக்கலாம்.