கயிறு எப்படி ‘கொயர்’ ஆச்சு? வாத்தியாரிடம் கேளுங்கள்

ஈத்தாமொழி: சார், எங்க தும்பு (தேங்காய் நார்) மில் போர்டுல ‘கொயர்’னு போட்டிருக்கு. நம்ம கயிறுதானா இது?

நம்ம கயிறேதான். மலையாளக் கரையில கேட்ட ‘கயர்’ என்ற சொல்லைப் போர்ச்சுகீசியர் ‘கைரோ’ன்னு எடுத்துக்கிட்டாங்க. அது 16-ஆம் நூற்றாண்டுல ஆங்கிலத்துக்குப் போச்சு. போற வழியில பொருள் சுருங்கிட்டு. நமக்குப் பருத்தியோ சணலோ பனைநாரோ, எதுல திரிச்சாலும் கயிறு. ஆங்கிலத்துல தென்னந்தும்பு மட்டும்தான் கொயர். திரிக்காம மூட்டையில கிடந்தாலும் கொயர். அதனாலதான் ‘கொயர் ரோப்’னு சொல்றாங்க. நம்ம காதுக்கு அது ‘கயிறுக் கயிறு’!

குளச்சல்: வெளிநாட்டுக்காரனுக்கு நம்ம தும்பு எதுக்கு?

கடல்ல போறவன் வேற எதைத் தேடுவான்? தும்புக்கயிறு உப்புத்தண்ணியில லேசுல மக்காது, மிதக்கும், அலை இழுத்தா கொஞ்சம் நீண்டு கொடுக்கும். பச்சைக் கதம்பலை (தேங்காய் மட்டையை) மாசக்கணக்கா காயல்ல அழுகப் போட்டு அடிச்சா வெள்ளைத் தும்பு. அரபிகள் ஆணி இல்லாம, பலகைகளைத் தும்புக்கயிறால தைச்சே கப்பல் கட்டினாங்க.

விளவங்கோடு: டிக்‌ஷனரி ‘மலையாளம்’னு போட்டிருக்கே. தமிழ்னு சொல்லப்படாதா?

போர்ச்சுகீசியர் வாங்கின கடை மலையாளக் கடை, டிக்‌ஷனரி சரிதான். கயிறும் கயரும் ஒரு வயித்துப் பிள்ளைங்க. குறள் 482-லேயே ‘ஆர்க்குங் கயிறு’ இருக்கு. 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்க்காரங்களா இருந்த குமரி மாவட்டத்துக்காரங்க நாம இதுக்கு மல்லுக்கட்டணுமா மக்கா?

தக்கலை: அப்போ சுருட்டி வைக்கிற ‘காயில்’, ‘கார்டு’, ‘ரோப்’ எல்லாம் கயிறுல இருந்து வந்ததுதானே?

இல்லை. காயில், ‘சேர்த்து எடு’ன்னு பொருள்படுற லத்தீன் சொல்லில இருந்து பிரெஞ்சு வழியா வந்தது. கார்டு கிரேக்கம், முதல்ல குடல்நரம்பைக் குறிச்சது. ரோப் பழைய ஜெர்மானியச் சொல். ஓசை ஒத்துப்போச்சுன்னு சொந்தம் கொண்டாடினா எனக்குக் கோபம் வரும்.

மார்த்தாண்டம்: சர்ச்சில பாடுற ‘க்வயர்’?

எழுத்துல ஒரே ஒரு ‘எச்’தான் வித்தியாசம். அது கிரேக்கக் ‘கோரஸ்’ குடும்பம். உங்க பாட்டுக்குழு நோட்டீஸ்ல அந்த எச்சை விட்டா எல்லாரும் தும்பாயிடுவீங்க, பார்த்து!

இராஜாக்கமங்கலம்: கடைக்கு ‘கொயர் கயிறு’ன்னு எழுதலாமா?

எதுக்கு? ‘தும்புக்கயிறு’ன்னு எழுதுங்க.