வத்சலாவுக்குள் கடோத்கஜன்

அன்புள்ள ஐயா,

1957இல் வந்த ‘மாயாபஜார்’ படத்தைத் தமிழிலும் தெலுங்கிலும் அடுத்தடுத்துப் பார்த்தேன். துரியோதனன் மகன் லட்சுமண குமாரனாகத் தமிழில் தங்கவேலு, தெலுங்கில் ரேலங்கி. இவர்களில் யார் சிறப்பு? என்னைக் கேட்டால் அது ரங்காராவ் படம். சாவித்திரிக்கு வழக்கமான காதலி வேடம், பெரிதாக வேலை இல்லை.

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இந்தப் படம் சில நாட்களாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் கடைசி வரி என்னை உட்கார்ந்து எழுத வைத்துவிட்டது.

தங்கவேலுவா ரேலங்கியா என்பதில் சண்டை போட ஒன்றுமில்லை, இருவரும் தேர்ந்த கலைஞர்கள். அபிமன்யுவும் தமிழில் ஜெமினி கணேசன், தெலுங்கில் நாகேஸ்வர ராவ். ஆனால் இயக்குநர் கே.வி.ரெட்டி இரண்டு மொழிக்கும் மாற்றாமல் வைத்துக்கொண்டவர்களைப் பாருங்கள்: கிருஷ்ணனாக என்.டி.ராமாராவ், கடோத்கஜனாக ரங்காராவ், நாயகியாக சாவித்திரி. பாண்டவர்கள் திரையில் தலைகாட்டாத பாரதக் கதையை இந்த மூவர்தான் தாங்குகிறார்கள்.

“பெரிதாக வேலை இல்லை” என்று எப்படி ஐயா எழுத மனம் வந்தது? படத்தைப் பார்த்தீர்களா, இல்லை ‘கல்யாண சமையல் சாதம்’ முடிந்ததும் எழுந்துவிட்டீர்களா? லட்சுமண குமாரனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார்களே என்று, தூங்கும் நாயகி வத்சலாவைக் கட்டிலோடு தூக்கிப்போன கடோத்கஜன், அவள் உருவெடுத்து வந்து அந்தப்புரத்தில் அமர்கிறான். அதற்குப் பிறகு அங்கே நீங்கள் பார்த்தது வத்சலாவை அல்ல, கடோத்கஜனை. நடித்தவர் ரங்காராவ் அல்ல, சாவித்திரி! அப்போது அவர் இருபதுகளில் இருந்த பெண். ரங்காராவின் ஆகிருதியில் பாதிகூட இல்லாத உடம்பு. அதற்குள் அந்த அரக்கனை வரவழைத்திருக்கிறார். தோழிகள் நடுவே நளினமாக வருவார். சட்டென்று தோள் விரியும், அடி அகன்று விழும், பார்வையில் திமிர் ஏறும். அடுத்த கணமே, தான் பெண் வேடத்தில் இருப்பது நினைவு வந்து எல்லாம் ஒடுங்கும். அதாவது பெண்ணாக நடிக்கும் ஓர் ஆணாக ஒரு பெண் நடிக்கிறார். அந்த ஆணோ இன்னொரு நடிகர் ஏற்கெனவே உருவாக்கி வைத்த பாத்திரம். இத்தனை அடுக்கு இருந்தும், குழந்தைக்குக்கூடக் குழப்பம் வராது.

என் பெரியம்மா டிவியில் இந்தப் படம் போட்டால் அடுப்பை அணைத்துவிட்டு வந்துவிடுவாள். கல்யாண மேடைக் காட்சி வந்ததும், “முகத்தப் பாக்காதடா, தோளப் பாரு” என்பாள். மாப்பிள்ளையின் கால் நசுங்கும்போது நாங்களெல்லாம் தங்கவேலு அலறுவதைப் பார்த்துச் சிரிப்போம். அவள் மட்டும் சாவித்திரியையே பார்த்துக்கொண்டிருப்பாள். மணப்பெண்ணாகத் தலை குனிந்திருக்கும் அந்த உருவத்தின் கழுத்திலும் தோளிலும் ஓர் அரக்கனின் குஷி தெரியும். நடிப்பைப் பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். பள்ளிக்கூடம் போகாதவள்.

ரங்காராவைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் அந்த நடையை அவ்வளவு துலக்கமாக அமைத்ததால்தான், அது வேறொரு உடம்பில் வந்தாலும் நமக்கு அடையாளம் தெரிகிறது. அவர் புகழில் பாதி சாவித்திரிக்குச் சேரும் என்றுதான் சொல்கிறேன்.

அந்தக் கல்யாணக் காட்சியை இன்னொரு முறை, சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டுப் பாருங்கள். பார்த்துவிட்டு, அந்தக் கடைசி வரியை மாற்றி எழுதி அனுப்புங்கள். தங்கவேலுவா ரேலங்கியா என்பதை அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்.