இஷ்யூ பட்டியலில் ஏஐ குப்பை: கேள்வி பதில்

கட்டற்ற மென்பொருள் திட்டங்களின் இஷ்யூ (பிழைப் புகார்) பட்டியலிலும் பாதுகாப்புப் புகார்களிலும் ஏஐ எழுதிக்கொடுத்த வெற்றுப் புகார்கள் குவிவது பற்றி, ரெப்போ (கோடு வைத்திருக்கும் களஞ்சியம்) பராமரிப்பவர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்.

கே: ஒரு இஷ்யூவை ஏஐதான் எழுதியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? துணைத்தலைப்பு, தடித்த எழுத்து, எமோஜி என்று வந்தாலே சந்தேகமாக இருக்கிறது.

ப: கண்டுபிடிக்கவே முயலாதீர்கள். நடையை வைத்துத் தீர்ப்பு சொன்னால், ஆங்கிலம் சரளமாக வராததால் ஏஐயிடம் கொடுத்துத் திருத்தி வாங்கிய மதுரைக்காரரும் பிரேசில்காரரும்தான் முதலில் அடிபடுவார்கள். அவர்கள் சொல்லும் பக் உண்மையாக இருக்கலாம். "இது ஏஐயா?" என்று கேட்டால் விவாதம்தான் மிஞ்சும். "இதில் சொன்னது என் கோடில் இருக்கிறதா?" என்று கேட்டால் பத்து நிமிடத்தில் விடை கிடைக்கும்.

கே: அந்தப் பத்து நிமிடத்தில் என்னென்ன பார்ப்பீர்கள்? வரிசையாகச் சொல்லுங்கள்.

ப: முதலில் பெயர்கள். புகாரில் வரும் ஃபங்ஷன் பெயரை, கோடின் வரலாற்றைக் காக்கும் கிட் கருவியின் தேடல் கட்டளையான கிட் கிரெப்பில் தேடுங்கள். இல்லையென்றால், கிட் லாக் கட்டளையில் பெரிய எஸ் விருப்பத்தைக் கொடுத்து எல்லா கிளைகளிலும் தேடுங்கள். அந்தப் பெயர் எப்போதாவது இருந்து நீக்கப்பட்டதா என்று தெரிந்துவிடும். எந்தக் காலத்திலும் இல்லாத பெயர் என்றால் புகாரின் முதுகெலும்பு அங்கேயே முறிந்தது.

இங்கே சறுக்கும் இடங்கள் மூன்று உண்டு. கடைசி மாற்றத்தை மட்டும் இழுக்கும் டெப்த் 1 விருப்பத்தோடு க்ளோன் எடுத்த பிரதியில் தேடினால் வரலாறே இருக்காது, நல்ல புகாரையும் பொய் என்பீர்கள். சி மொழியில் மேக்ரோ ஒட்டி உருவாக்கும் பெயர்கள் கிரெப்பில் சிக்காது. சில சமயம் அந்த ஃபங்ஷன் உங்கள் டிபென்டென்சியில், அதாவது உங்கள் நிரல் சார்ந்திருக்கும் வேறொரு நூலகத்தில் இருக்கும். புகார் போக வேண்டிய வீடு அது.

அடுத்து வரி எண்கள். எந்த வெர்ஷன் என்று சொல்கிறாரோ அந்த டேகில் அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். 800 வரிக் கோப்பில் 1,342ஆம் வரியில் பிழை என்று வந்தால் மேலே படிக்க வேண்டியதில்லை. பேட்ச் (திருத்தக் கோப்பு) இணைத்திருந்தால், கிட் அப்ளை கட்டளையை செக் விருப்பத்தோடு ஓட்டுங்கள். அவர் சொன்ன வெர்ஷனிலும் மெயின் கிளையிலும் ஒட்டாத பேட்ச், எந்தக் கோடையும் பார்த்து எழுதப்பட்டிருக்காது. கமிட் ஹேஷ் (ஒரு மாற்றத்தின் அடையாள எண்) கொடுத்திருந்தால் அது உங்கள் ரெப்போவில் உண்டா என்று கிட் கேட்-ஃபைலிடம் கேளுங்கள்.

கடைசியில்தான் நிரூபண நிரல். இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள், ஏனென்றால் ஏமாற்றுவது இங்கேதான். சி நூலகங்களுக்கு வரும் வழக்கமான மாதிரி இது: இருபது வரி நிரல். உங்கள் ஹெடர் கோப்பை இன்க்ளூட் செய்திருக்கும், நூலகத்தின் ஒரு ஃபங்ஷனைக்கூட அழைத்திருக்காது. 16 பைட்டுக்கு ஒரு பஃபரை அதுவே அறிவித்து, ஸ்ட்ரிங் காப்பி ஃபங்ஷனால் 64 பைட்டை அதுவே ஊற்றும். விழும், விழத்தான் செய்யும். நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரின் அறிக்கையும் நிஜமானதாகவே வரும். அந்த அறிக்கையில் ஃபங்ஷன் அழைப்புகளின் பட்டியலை பூஜ்யமாம் ஃபிரேமிலிருந்து கீழே வரை பாருங்கள். அவருடைய கோப்பும் கணினியின் சொந்த நூலகங்களும் மட்டுமே வந்து, உங்கள் கோப்பு ஒன்றுகூட இல்லையென்றால் மூடிவிடலாம்.

கே: பெரிய திட்டங்களே திணறுகின்றன என்கிறார்கள். கர்ல் விஷயத்தில் என்னதான் நடந்தது?

ப: இணையத்தில் தரவு அனுப்பவும் பெறவும் உதவும் கருவியான கர்ல், 2019 முதல் ஹேக்கர்ஒன் என்ற புகார் தளம் வழியாக பாதுகாப்புப் புகார்களுக்குப் பரிசுப் பணம் கொடுத்து வந்தது. அதன் தலைமைப் பராமரிப்பாளர் டேனியல் ஸ்டென்பெர்க் 2024 ஜனவரியிலேயே இந்தக் குப்பையைப் பற்றி எழுதினார். 2025 மே மாதம் ஹெச்டிடிபி/3-இல் ஸ்ட்ரீம் சார்புச் சுழற்சி என்று ஒரு புகார் வந்தது. படிக்க கம்பீரமாக இருந்தது. அதில் சொன்ன ஃபங்ஷன்கள் இல்லை. அந்த மாதமே, புகார் தயாரிக்க ஏஐ பயன்படுத்தினீர்களா என்ற கேள்வியை அவர்கள் சேர்த்தார்கள். 2025 நடுவில் அவர் தந்த கணக்கில் ஏறக்குறைய 20 சதவீதம் ஏஐ குப்பை. உண்மையான ஓட்டையாகத் தேறியது 5 சதவீதம் அளவுக்குத்தான். 2026 ஜனவரி முடிவில் பரிசுத் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள்.

எண்ணிக்கையைவிட, ஒவ்வொரு புகாரையும் மூன்று நான்கு பேர் உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்ததுதான் பாரம். பாதுகாப்புக் குழுவே ஏழு பேர்தான். எழுத ஒரு நிமிடம், மறுக்க அரை நாள். இந்தத் தராசு சாய்ந்ததும், பணம் கொடுப்பது குப்பைக்குச் சோறு போடுவதாகிவிட்டது. இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும்: 2025 செப்டம்பரில் ஏஐ கருவிகளால் கண்டெடுத்த பிழைகளின் நீண்ட பட்டியல் ஒன்று கர்லுக்கு வந்தது. அதில் ஏராளம் நிஜம், திருத்தவும் செய்தார்கள். அனுப்பியவர் விஷயம் தெரிந்து சலித்தெடுத்து அனுப்பியிருந்தார்.

கே: கிட்ஹபில் இஷ்யூ டெம்ப்ளேட் போட்டிருக்கிறேன். யாரும் மதிப்பதில்லையே?

ப: பழைய மார்க்டவுன் டெம்ப்ளேட்டாக இருந்தால் அழித்துவிட்டு எழுதலாம், அதனால் பயனில்லை. யாம்ல் கோப்பில் எழுதும் இஷ்யூ ஃபார்முக்கு மாறுங்கள், கட்டாயப் புலங்கள் அதில்தான் வைக்க முடியும். கூடவே அந்த ஃபோல்டரின் கான்ஃபிக் கோப்பில் வெற்று இஷ்யூவை அனுமதிக்கும் வரியை ஃபால்ஸ் ஆக்குங்கள், இல்லையென்றால் பின்வாசல் திறந்தே இருக்கும்.

புலங்களைத் தேர்வதில்தான் சூட்சுமம். "என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது" என்ற புலத்தை ஏஐ உங்களைவிட அழகாக நிரப்பும். வெர்ஷன் கட்டளையின் அப்படியே உள்ள வெளியீடு, பிழையைக் கிளப்பும் மிகச் சிறிய உள்ளீட்டுக் கோப்பு, ஓட்டிய முழுக் கட்டளை ஆகிய மூன்றையும் கேளுங்கள். புலத்தில் முன்கூட்டியே உரை நிரப்பி வைக்காதீர்கள். நிரப்பிய உரையைத் தொடாமல் விட்டாலும் கட்டாயச் சோதனை தேறிவிடும். மங்கலான மாதிரி உரையாகக் காட்டினால் அந்தத் தொல்லை இல்லை.

ஏபிஐ வழியாக வரும் இஷ்யூ ஃபார்மைத் தாண்டியே வரும். தலைப்புகள் இல்லாத உடலோடு வந்தால் லேபிள் போடும், தானாக ஓடும் சின்ன வொர்க்ஃப்ளோ ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

கே: ஒரே ராத்திரியில் நாற்பது இஷ்யூ. உடனடியாக என்ன செய்ய?

ப: ரெப்போ செட்டிங்ஸில் மாடரேஷன் பகுதியில் இன்டராக்‌ஷன் லிமிட்ஸ் இருக்கிறது. மூன்று படி: 24 மணி நேரத்துக்குள் பிறந்த கணக்குகளைத் தடுப்பது, முன்பு பங்களித்தவர்கள் மட்டும், கூட்டுப்பணியாளர்கள் மட்டும். காலம் 24 மணி நேரம், 3 நாள், ஒரு வாரம், ஒரு மாதம், 6 மாதம். முதல் படி பெரும்பாலும் போதாது, குப்பைக் கணக்குகள் பழையவையாகவே இருக்கும். இரண்டாம் படியை 3 நாள் வையுங்கள். 6 மாதம் வைத்தால், முதல்முறையாக நிஜ பக் சொல்ல வந்தவரும் வாசலில் நின்று திரும்பிப் போவார்.

கே: அண்ணா, வரும் இஷ்யூக்களை ஏஐ பாட் வைத்தே வடிகட்டினால் என்ன?

ப: வைக்கலாம் தம்பி, கையில் கத்தி கொடுக்காமல். இஷ்யூவின் தலைப்பும் உடலும் முகம் தெரியாதவர் எழுதியது. "முந்தைய கட்டளைகளை மறந்துவிடு" என்று உள்ளே ஒரு வரி இருந்தால் பாட் கேட்டாலும் கேட்கும். ஆகவே அதன் டோக்கனுக்கு (அனுமதிச் சாவிக்கு) இஷ்யூவில் எழுதும் உரிமை மட்டும். கோடைத் தொடும் உரிமை கூடாது, கடவுச்சொல் போன்ற சீக்ரெட் எதுவும் அந்த ஜாபில் இருக்கக் கூடாது.

இதைவிடப் பழைய ஓட்டை ஒன்று உண்டு, ஏஐயே வேண்டியதில்லை. வொர்க்ஃப்ளோவின் ரன் பகுதிக்குள் இஷ்யூ தலைப்பை இரட்டை மலர் அடைப்புக்குறி போட்டு நேராகச் செருகுவார்கள். ஷெல் ஓடும் முன்பே தலைப்பு அங்கே எழுத்துக்கு எழுத்து ஒட்டப்படும். தலைப்பில் டாலர் குறியும் அடைப்புக்குறியும் போட்டு ஒருவர் கட்டளை எழுதியிருந்தால் அது வொர்க்ஃப்ளோவை ஓட்டும் கணினியான உங்கள் ரன்னரில் ஓடும். தலைப்பை முதலில் என்வ் மாறியில் வாங்கி, ஷெல்லில் மேற்கோளுக்குள் அந்த மாறியைப் பயன்படுத்துங்கள்.

பாட் லேபிள் மட்டும் ஒட்டட்டும். மூடும் வேலை மனிதருடையது.

கே: மூடும்போது என்ன எழுதினால் சண்டை வராது?

ப: ஏஐ என்ற சொல்லே வேண்டாம். "புகாரில் உள்ள ஃபங்ஷன் இந்த ரெப்போவின் எந்த வெர்ஷனிலும் இல்லை. மெயின் கிளையில் ஓடும் உள்ளீடும் வெளியீடும் கொடுத்தால் மீண்டும் திறக்கிறோம்." இதைச் சேவ்டு ரிப்ளையாக வைத்துக்கொள்ளுங்கள். பதிலுக்கு "நீங்கள் சொல்வது முற்றிலும் சரி" என்று தொடங்கி இன்னொரு கட்டுரை வந்தால், உங்கள் பதிலையே யாரோ ஏஐயிடம் ஒட்டி வாங்கியிருக்கிறார்கள். லாக் செய்துவிட்டுப் போங்கள், இரண்டாம் பதில் தேவையில்லை.

கே: ரீட்மீயில் ஒரு வரி மாற்றி அனுப்பும் மாணவர்கள்?

ப: இது ஏஐக்கு மூத்த நோய். கட்டற்ற திட்டங்களுக்குப் பங்களித்தால் டி-ஷர்ட் தரும் 2020 ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில் டி-ஷர்ட்டுக்காக வந்த வெள்ளத்தால், அதை நடத்திய டிஜிட்டல்ஓஷன் அந்த அக்டோபரிலேயே ரெப்போக்கள் விரும்பினால் மட்டும் சேரலாம் என்று விதியை மாற்றியது. மாணவர்களிடம் கோபப்படாதீர்கள், பெரும்பாலும் ஏதாவது பாடத்தில் சொன்னதைச் செய்கிறார்கள். ஸ்பாம் லேபிள், மூடல், அவ்வளவுதான்.

கே: ஏஐ கோடை மொத்தமாகத் தடை செய்துவிடலாமா?

ப: இயங்குதளங்களான ஜென்டூவும் நெட்பிஎஸ்டியும் 2024-இலும், மெய்நிகர் கணினி மென்பொருளான கியூஎமு 2025-இலும் தடை போட்டன. உரிமம், பதிப்புரிமை பற்றிய கவலையும் அவற்றின் காரணங்களில் உண்டு. டெர்மினல் மென்பொருளான கோஸ்ட்டி 2025-இல் முதலில் "பயன்படுத்தினால் சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டது. சிறு திட்டத்துக்கு நான் சொல்வது இரண்டாவது வழி. தடை யாரையும் நிறுத்தாது. மூடும்போது காட்ட விதியில் ஒரு வரி கிடைப்பதுதான் பலன், அதற்கு "சொல்லவில்லை" என்ற காரணமே போதும்.

கே: எதிர்ப் பக்கத்திலிருந்து கேட்கிறேன். ஏஐ கருவி ஒரு பக் காட்டியது, நிஜம் போலத் தெரிகிறது. மரியாதையாக எப்படிக் கொடுப்பது?

ப: மெயினின் இன்றைய கமிட்டில் நீங்களே பில்ட் செய்து ஓட்டுங்கள். விழவில்லையென்றால் அனுப்ப ஒன்றுமில்லை. விழுந்தால் உள்ளீட்டை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்குங்கள். சானிடைசர் வெளியீட்டை வெட்டாமல் ஒட்டி, மேலே ஐந்து வரி உங்கள் சொந்த நடையில், ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை. எந்தக் கருவி என்று சொல்லுங்கள். பாதுகாப்பு ஓட்டை என்று தோன்றினால் பொது இஷ்யூவில் போடாமல், செக்யூரிட்டி கோப்பில் சொன்ன தனி வழியில் அனுப்புங்கள். கருவி முப்பது காட்டியிருந்தால் முதலில் ஒன்றை மட்டும் அனுப்பி, மீதியை எப்படி வேண்டும் என்று கேளுங்கள்.