தசைச்சிதைவு நோயின் போக்கை அல்ட்ராசவுண்ட் எப்படிக் காட்டுகிறது?

டுஷேன் தசைச்சிதைவு உள்ள மகனுக்குத் தொடையில் ஸ்கேன் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். வயிற்றுக்கு எடுக்கும் அதே அல்ட்ராசவுண்ட்தான்.

நலமான தசை திரையில் கருமையாகத் தெரியும். அதன் அடியில் எலும்பின் விளிம்பு பளிச்சென்ற கோடாக நிற்கும். டுஷேனில் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் இல்லாததால் தசை இழைகள் அழிந்து, அந்த இடத்தைக் கொழுப்பும் நார்த்திசுவும் பிடித்துக்கொள்கின்றன. அவை ஒலியலைகளைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புவதால் தசை வெளுத்துத் தெரிகிறது. எலும்புக் கோடு மங்கி, நோய் முற்றினால் மறைந்தே போகிறது. தசை பாதிப்பை ஸ்கேனில் மதிப்பிட 1982இல் ஹெக்மாட் என்ற மருத்துவரின் குழுவினர் வெளியிட்ட நான்கு படிநிலைகளுக்கு இதுவே அடிப்படை. பருத்த கெண்டைக்காலைப் பார்த்துப் பலம் என்று மகிழ்பவர்கள் உண்டு. அந்தப் பருமன் கொழுப்பும் நார்த்திசுவும்தான் என்ற உண்மையை ஸ்கேன் சொல்லிவிடும்.

ஆண்டுதோறும் ஒப்பிடுவதற்குக் கண்மதிப்பு போதாது. படத்தின் சாம்பல் நிற அளவைக் கணினியால் எண்ணாக்குவதே மேல். ஆனால் அந்த எண்கூட, ஸ்கேன் கருவி, அதன் அமைப்பு, பிடிக்கும் கோணம் ஆகியவற்றுக்கேற்ப மாறும். ஆகவே முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே கருவியில் எடுங்கள்.

எம்.ஆர்.ஐ. ஆழமான தசைகளையும் தெளிவாகக் காட்டும்தான். ஆனால் சிறு பிள்ளையை அதற்குள் அசையாமல் படுக்கவைப்பது யார்?