எல்லாரும் ‘ஆம்’, அரங்கமோ காலி: வாக்கெடுப்பில் எங்கே கோளாறு?

‘ஞாயிறு மாலை நாடகம் போட்டால் வருவீர்கள்தானே?’ என்று வாட்ஸ்அப்பில் கேட்டீர்கள். ‘ஆம்’ குவிந்தும் மும்பை மாட்டுங்கா அரங்கம் காலி என்கிறீர்கள். கேள்வியிலேயே பதிலை ஊட்டிவிட்டீர்களே! அதிலும் வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் யார் எதைத் தொட்டார்கள் என்று பெயரோடு தெரியும். மூஞ்சிக்கு நேரே யார் ‘மாட்டேன்’ என்பார்கள்?

கூகுள் ஃபார்முக்கு மாறுங்கள். யார் எழுதியது என்று தெரியாதபடி மின்னஞ்சல் சேகரிப்பை அணைத்துவிட்டு, ‘கடைசியாக எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு நாடகம் பார்க்க வந்தீர்கள்?’ என்று கேளுங்கள். வருவேன் என்பது ஆசை, வந்தேன் என்பது கணக்கு. அப்புறம், வராத காரணத்துக்கும் விடைகள் வையுங்கள்: டிக்கெட் விலை, பிள்ளைகளின் பரீட்சை, ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் (தண்டவாளப் பராமரிப்புக்காக ரயில்களைக் குறைப்பது). புறநகரிலிருந்து ரயிலில் வரும் டோம்பிவிலிக்காரர் அதைத்தான் தொடுவார், பாருங்கள். ‘வேறு’ என்று ஒரு காலி இடமும் விடுங்கள். எங்கள் குழுவில் அதில்தான் ‘நாற்காலி முதுகைப் பிடிக்கிறது’ என்று வந்தது.