சபை உறுப்பினரின் ஒரு மாத வேலை: கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

எங்கள் பிரதேச சபையின் பெண் உறுப்பினர் ஒருவர் மாத முடிவில் தான் செய்த வேலைகளை முகநூலில் போடுகிறார். போன மாதம் ஒழுங்கைகளுக்குத் தெருவிளக்குப் பூட்டியது, சனசமூக நிலையத்தில் சிரமதானம், பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு டெங்குக்காக வீடு வீடாகப் போனது, முன்பள்ளி விளையாட்டுப் போட்டியில் பரிசு கொடுத்தது. எல்லாவற்றுக்கும் படம் இருக்கிறது. மாரியில் எங்கள் ஒழுங்கையில் முழங்காலளவு வெள்ளம் நிற்கும், அதைப் பற்றி ஒரு வரி இல்லை. சபையில் கேட்டால் "மதகு எங்கட றோட்டில இல்லை" என்கிறார்கள். இவர் வட்டாரத்தில் வென்றவரும் இல்லை, கட்சிப் பட்டியலில் வந்தவர். பல்பு மாற்றவும் படம் எடுக்கவும்தானா சபை?

வலிகாமத்திலிருந்து ஒரு வாசகர்

வணக்கம் தம்பி,

நீங்கள் அனுப்பிய பதிவை முழுதாக வாசித்தேன். உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பல்பைச் சின்ன வேலை என்று தள்ளாதீர்கள். பின்னேர ரியூசன் முடிந்து இருட்டுக்குள் சைக்கிளில் வரும் பிள்ளைக்கும் அவளைப் பார்த்துப் படலையில் நிற்கும் தாய்க்கும் அது சின்ன விசயம் இல்லை. தெருவிளக்கு, குப்பை, வாசிகசாலை, சந்தை, மயானம், உள்ளூர் வீதி, இவைதான் சபையின் வேலை. பட்டியலில் வந்தவர் என்பதும் குறை இல்லை. இப்போதைய முறையில் 60 வீதம் வட்டாரம், 40 வீதம் பட்டியல். கட்சிகள் பெண்களுக்கு வட்டாரம் கொடுக்கப் பின்னிற்பதால் பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீட்டில் பலர் பட்டியலால்தான் உள்ளே வருகிறார்கள். சபையில் அவர் கைக்கும் மற்றவர் கைக்கும் ஒரே வாக்குத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1998 இல் ஒரு தேர்தல் நடந்தது, அப்புறம் 2011 வரை எங்கள் பிரதேச சபைகளுக்குத் தேர்தலே இல்லை. 2018 இல் வந்த சபைகள் 2023 மார்ச்சில் முடிந்தன. அடுத்த தேர்தல் 2025 மே 6 இல்தான் நடந்தது. இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் சபையின் செயலாளரான அரச அலுவலர்தான் எல்லாம். வாக்குக் கேட்டு வந்த ஒருவரை மறித்து "இது என்ன?" என்று கேட்க வழியே இருக்கவில்லை. அதனால் ஒருவர் தானாக மாதக் கணக்கு ஒப்புவிக்கிறார் என்றால் அதை நான் பெரிதாகவே மதிக்கிறேன், அந்தப் பழக்கம் நின்றுவிடக் கூடாது.

சரி, வெள்ளத்துக்கு வருவோம். அவர்கள் சொன்னது பொய் இல்லை. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு, மிச்ச உள்வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் சபைக்கு. உங்கள் ஒழுங்கைத் தண்ணீர் சபை வாய்க்காலில் ஓடி, வேறொருவருக்குச் சொந்தமான மதகில் போய் முட்டி நிற்கிறது. ஆனால் வீட்டுக்கும் மதிலுக்கும் அனுமதி கொடுப்பது யார்? சபைதான். வாய்க்காலை மறித்து மதில் எழும்பும்போது தடுக்கிற அதிகாரம் அவர்களிடம் இருந்தது, இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாடு தட்டையான சுண்ணாம்புக்கல் நிலம், வழுக்கியாற்றை விட்டால் ஆறு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டுகிற மழை குளத்துக்குப் போய் நிலத்துக்குள் இறங்கினால்தான் மற்ற மாதங்களில் கிணற்றில் நல்ல தண்ணீர் இருக்கும். ஆகவே வெள்ளத்தை எப்படியாவது கடலுக்கு வெட்டி விடுங்கள் என்றும் கேட்காதீர்கள். வாய்க்காலைத் திறந்து குளத்தைத் தூர்வாரச் சொல்லிக் கேளுங்கள்.

அந்தப் பதிவில் எனக்குக் குறையாகப் பட்டது வேறு. சபை அமர்வில் என்ன நடந்தது என்று அதில் எதுவும் இல்லை. அவர் என்ன பிரேரணை கொண்டுவந்தார், யார் எதிர்த்தார்கள், சபைத் தலைவரான தவிசாளர் என்ன பதில் சொன்னார், மதகு பற்றி மற்றத் திணைக்களத்துக்குக் கடிதம் போனதா, பதில் வந்ததா? பரிசளிப்பு விழாவுக்கு யாரும் போகலாம், சபையில் கையுயர்த்த அவரால் மட்டும்தான் முடியும். கேட்டுக் கிடைக்காததையும் அவர் எழுத வேண்டும். வெட்கப்பட அதில் ஒன்றும் இல்லை. எந்தக் கதவு பூட்டிக் கிடக்கிறது என்று தெரிந்தால்தானே ஊர்ச்சனம் அவரோடு சேர்ந்து போய்த் தட்டலாம். முகநூலில் ஏசாமல் இதை அவரிடமே நேரில் சொல்லுங்கள், மாதப் பதிவில் இதற்கென்று ஒரு பகுதி வையுங்கள் என்று கேளுங்கள்.

நீங்களும் சும்மா இருக்க வேண்டாம். சனசமூக நிலையத்தின் பெயரில், ஒழுங்கையில் உள்ள எல்லா வீட்டாரும் கையெழுத்து வைத்து, தவிசாளருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். ஒரு பிரதியில் கிடைத்த திகதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போடலாம், காசு இல்லை, 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தன் முடிவைச் சொல்ல வேண்டும். வாய்க்காலை ஒட்டிய மதில்களுக்கு எப்போது, யார் அனுமதி கொடுத்தார்கள் என்று கேளுங்கள். ஆண்டு முடிவில் அடுத்த வருடப் பாதீடு சபைக்கு வரும். வாய்க்காலுக்குக் காசு ஒதுக்க வேண்டுமென்றால் அதற்கு முன்னமே உங்கள் கடிதம் அங்கே இருக்க வேண்டும், மாரி தொடங்கிய பிறகு ஓடித் திரிந்து பயனில்லை.

கடிதம் கொடுத்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். சபையின் பதில் எதுவானாலும் இங்கே போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா