மாற்றி யோசிப்பது: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி (வெள்ளவத்தை): அண்ணா, பக்கவாட்டுச் சிந்தனை என்கிறார்களே, அது சும்மா வித்தியாசமாக யோசிப்பதுதானே?

பதில்: பாதி சரி. மால்டாவில் பிறந்த மருத்துவர் எட்வர்ட் டி போனோ 1967இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பெயர் அது. கேள்வி கேட்கும்போதே நம்மை அறியாமல் சிலதை முடிவுகட்டிவிடுகிறோம், அவற்றைப் பிடித்து அசைத்துப் பார்ப்பதுதான் வேலை.

கேள்வி (கொட்டாஞ்சேனை): தம்பி, எங்கள் சாப்பாட்டுக் கடையில் பகல் பன்னிரண்டரைக்குப் பார்சல் வரிசை வாசலைத் தாண்டுகிறது, பலர் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இன்னொரு ஆளைப் போட இடமில்லை.

பதில்: அக்கா, எப்படி வேகமாகக் கட்டுவது என்ற யோசனையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒருநாள் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று, ஆள் வந்ததிலிருந்து போகும்வரை நேரம் எங்கே போகிறதென்று பாருங்கள். கட்டுவதை விட, "பருப்பா, கத்தரிக்காயா, அந்தப் பெரிய மீன் துண்டைப் போடுங்கோ" என்ற பேச்சிலும் ஐயாயிரம் ரூபாய்த் தாளுக்குச் சில்லறை தேடுவதிலும் அதிகம் போனால், பதினொன்றரைக்கே மீன், கோழி, மரக்கறி என்று கட்டி, மேலே நிறப் பேனையால் கோடு போட்டு, சில்லறைக்கு அலையாத விலையில் வாசல் மேசையில் வையுங்கள். கறி பார்த்து வாங்குகிறவர்கள் மட்டும் உள்ளே வரட்டும்.

கேள்வி (உயர்தர மாணவன், பம்பலப்பிட்டி): இது பிறவியிலேயே வருவதா அண்ணா?

பதில்: இல்லை தம்பி. கார்ல் டுங்கர் என்ற உளவியலாளரின் சோதனை ஒன்று, 1945இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஒரு மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, ஒரு பெட்டி நிறையக் குத்தூசி. மெழுகுவர்த்தியைச் சுவரில் நிறுத்த வேண்டும். பெட்டியைக் காலி செய்து சுவரில் குத்தினால் அதுவே தட்டு, ஆனால் பலருக்கு அது தோன்றவில்லை. குத்தூசியை வெளியே எடுத்துப் பெட்டியை வெறுமையாகக் கொடுத்தபோது கூடுதலானவர்கள் கண்டுபிடித்தார்கள். மூளை அதேதான், பொருள் கண்முன் இருந்த விதம்தான் மாறியது. அதனால் சிக்கும்போது, கையில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் வேறு என்ன வேலை கொடுக்கலாம் என்று எழுதிப் பார்.

கேள்வி (தெஹிவளை): எங்கள் சங்க நூலகத்தில் புத்தகம் திரும்பி வருவதேயில்லை. தண்டப்பணமும் போட்டாயிற்று, இனி ஒன்றும் தோன்றவில்லை.

பதில்: டி போனோ சொன்ன இன்னொரு வழி, அகராதியைத் திறந்து கண்ணில் படும் பெயர்ச்சொல்லைப் பிரச்சினையோடு முட்டவிடுவது. நான் இப்போது திறந்தேன், "குடை". ஒரு குடைக்குள் இரண்டு பேர் நிற்கலாம், அப்படியானால் புத்தகத்துக்காகக் காத்திருக்கும் அடுத்தவர் யார்? அவர் சம்மதித்தால் பெயரைத் துண்டில் எழுதி உள்ளே சொருகுங்கள். இன்னார் காத்திருக்கிறார் என்று தெரிந்தால் வைத்துக்கொள்ள மனம் வராது.

கேள்வி (மருதானை): எல்லாவற்றுக்கும் இது சரிவருமா?

பதில்: வராது. மருந்தின் அளவு, கரண்ட் வயர், வரிக் கணக்கு எல்லாம் நேர்வழியில் போகட்டும்.